கோச்சின் தொப்பை
வேனில் டம்பெல், பாய் எல்லாம் ஏற்றிக்கொண்டு, தீவிலிருந்து பாலம் தாண்டி, தோட்டப்புற வீடுகளுக்கே போய் உடற்பயிற்சி சொல்லித் தருவது என் தொழில்.

பத்து காவான் என்ற ஊர்ப் பக்கம் ஓர் அண்ணன். நாலு முறை குந்தி எழுந்தால் மூச்சு வாங்கும். பலகாரத் தட்டைத் தூக்கும்போது மட்டும் பலசாலி. வேண்டாம் என்றால், "எங்க வீட்டுல சாப்பிட மாட்டியா தம்பி?" என்று முகம் சுருங்கும். ஆறு மாதமாக இதே கதை.

இன்று என் இடுப்பையே உற்றுப் பார்த்தார்.

"வேற கோச் பாத்துட்டேன் தம்பி. உனக்கே தொப்பை போடுது லா. எனக்கு எப்படிக் குறைப்ப?"

சொல்லிவிட்டுத் தட்டை நகர்த்தினார்.

"வடை ஆறுது, சாப்பிடு."

இந்தத் தொப்பை முழுக்க அவர் வீட்டு எண்ணெய். அங்கேயே இறக்கி வைத்துவிட்டு வர வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.