என் கல்யாணக் கோட்டுப் பட்டன்

திருவண்ணாமலை தனி மாவட்டமான புதிதில் ஊருக்குள் இரண்டு வகை ஆட்கள் பெருகினார்கள். டாக்டர்கள் ஒரு வகை. அவர்களைப் பார்க்கப் பையோடு பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் என்னைப் போன்ற மெடிக்கல் ரெப்கள் இன்னொரு வகை.

எனக்கு இரண்டு முதலாளிகள். ஒன்று கம்பெனி. முழுக்கைச் சட்டை, டை, லேஸ் வைத்த கறுப்பு ஷூ இல்லாமல் வெளியே போகக் கூடாது என்பது அவர்கள் சட்டம். இன்னொன்று இந்த ஊர். செருப்பைக் கழற்றாமல் உள்ளே வரக் கூடாது என்பது ஊர்ச் சட்டம். கோவில், வீடு, மண்டபம் எல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும், இங்கே பல்லைப் பிடுங்கப் போனாலும் வாசலில் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு கிளினிக். பன்னிரண்டு முறை குனிந்து அவிழ்த்து, பன்னிரண்டு முறை குனிந்து கட்ட வேண்டும். எனக்கு அப்போதே தொப்பை. நான் குனிவதற்குள் அது முந்திக்கொண்டு இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

லேஸ் இல்லாத ஷூ வாங்கலாமே என்று கேட்பீர்கள். ஏரியா மேனேஜரிடம் நானும் கேட்டேன். "இன்னாய்யா, மாப்ள அழைப்புக்கா போற?" என்றார். அதோடு முடிந்தது.

என் பக்கத்தில் எப்போதும் உட்கார்ந்திருப்பவன் என் நண்பன். கீழ்பென்னாத்தூர்க்காரன், வேறு கம்பெனி ரெப். இரண்டு பேரும் ஒரே பைக்கில் சுற்றினோம். பெட்ரோல் என்னுடையது, பைக் அவனுடையது. பேச்சு என்னுடையது, சிரிப்பு அவனுடையது. நான் வாயைத் திறந்தால் பெஞ்சில் இருக்கும் நோயாளிகள்கூடச் சிரிப்பார்கள். வயிற்றுவலிக்கு வந்த ஒரு அம்மா, "எப்பா, நீ கொஞ்சம் கம்முனு இரு, சிரிச்சா ஜாஸ்தி ஆவுது" என்று கையெடுத்துக் கும்பிட்டதுண்டு. எனக்கு அது பெருமைதான். ஆனால் பெருமைக்குள் ஒரு சின்ன முள் இருந்தது. என்னைப் பார்த்தால் எல்லாருக்கும் சிரிப்பு வந்தது. ஒருவருக்கும் ஒரு யோசனை கேட்கத் தோன்றவில்லை. இவன் ஒரு காரியம் செய்தான் என்று யாராவது ஒரு தடவை, சிரிக்காமல், சொல்ல வேண்டும். இது தவிர எனக்குப் பெரிய ஆசை எதுவும் அந்த வயதில் இருந்ததாக நினைவில்லை.

அப்படித்தான் ஷூ லேஸுக்குப் பட்டன் செய்ய இறங்கினேன்.

முதல் யோசனை எளிமையானது. பெரிய பட்டன் ஒன்றின் ஓட்டைகளில் லேஸின் இரண்டு முனைகளையும் நுழைத்துவிடுவது. பட்டனைக் கீழே தள்ளினால் லேஸ் இறுகும், மேலே இழுத்தால் தளரும். முடிச்சே வேண்டாம். சட்டைப் பட்டன் சின்னது, லேஸ் நுழையவில்லை. பெரிய பட்டன் வீட்டில் ஒரே இடத்தில்தான் இருந்தது. அது என் கல்யாண ரிசப்ஷன் கோட்டு. பழுப்பு நிறத்தில் மூன்று. பிளேடால் அறுத்தேன்.

"ஏங்க, கோட்டு இன்னாங்க பாவம் பண்ணிச்சு?" என்றாள் மனைவி.

"அது இனிமே எனக்கு மூடாதுடி. தொப்பைக்கு எதுக்கு பட்டன்?"

"அப்ப அத எனக்குப் போத்திக்கவாவது குடுங்க" என்று எடுத்து வைத்துக்கொண்டாள்.

முதல் பட்டன் நழுவியது. நான்கு அடி நடந்தால் தானாக மேலே ஏறி ஷூ தளர்ந்துவிடும். குடைக் கம்பியை அடுப்பில் சுட்டு ஓட்டையைத் திருத்தி, லேஸைக் குறுக்காக விட்டேன். இப்போது நழுவவில்லை, அவிழவும் இல்லை. அன்றைக்கு எங்கள் ஊரின் மிகப் பெரிய டாக்டர் என்னைக் கூப்பிட்டுவிட்டார். நான் வாசலில் ஒரு காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பட்டனோடு மல்லுக்கட்டினேன். அவர் பொறுத்துப் பார்த்துவிட்டு வெளியே வந்து, என்னைத் தாண்டிப் போய்க் காரில் ஏறிவிட்டார். போகும்போது "நின்னுகிட்டே இருங்க, வரம் கெடைக்கும்" என்றார். பெஞ்சே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன்.

வழி கிடைத்தது என் பைக்குள்ளேயே. ஊசி மருந்துக் குப்பியின் வாயில் ஒரு ரப்பர் மூடி இருக்குமே, அதை வட்டமாகச் சீவினேன். கீழே ஒரு பட்டன், மேலே ஒரு பட்டன், நடுவில் ரப்பர். மூன்றையும் ஒன்றாகத் தைத்து, சுட்ட கம்பியால் ரப்பரில் லேஸுக்கு மட்டும் இடம் கொடுக்கும்படி ஓட்டை போட்டேன். ரப்பர் லேஸைக் கடித்துக்கொண்டது. கட்டைவிரலால் தள்ளினால் இறுக்கம். பட்டனைப் பிடித்து மேலே இழுத்தால் தளர்ச்சி. குனிய வேண்டாம், காலைத் தூக்கி எதிர் பெஞ்சில் வைத்தால் போதும். ஒரு ஜோடிக்கு நான்கு பட்டன் வேண்டும், கோட்டில் இருந்தது மூன்று. நான்காவதற்கு என் பழைய ஸ்வெட்டரின் நீலப் பட்டனைப் போட்டேன். அது வலது ஷூவில், மேல் பக்கம்.

இரண்டு மாதம் போட்டு நடந்தேன். செங்கம் ரோடு, வேலூர் ரோடு, மழை, சேறு எல்லாம் பார்த்தாயிற்று. நழுவவில்லை. பிறகுதான் நண்பனிடம் காட்டினேன். அவன் குனிந்து பார்த்தான், தள்ளிப் பார்த்தான், இழுத்துப் பார்த்தான். வாழ்க்கையில் முதல் தடவையாக நான் பேசிக்கொண்டிருக்கும்போது அவன் சிரிக்கவில்லை.

"மச்சி, இது பெரிய விஷயம்டா."

அந்த ஒரு வார்த்தை போதும், நான் அவனுக்கு எதையும் கொடுத்திருப்பேன்.

"யாருகிட்டயும் சொல்லாதடா. மொதல்ல எம் பேர்ல பதிவு கிதிவு பண்ணணுமாம்" என்றேன்.

"எங்கடா பண்றது?"

"மெட்ராஸ்ல ஆபீஸ் கீதாம். போய் கேக்கணும்."

போய்க் கேட்டேனா? இல்லை. இந்த இடத்தில்தான் எங்கள் ஊர்க்காரன் மட்டுமே செய்யக்கூடிய காரியத்தைச் செய்தேன். அடுத்த நாள் மத்தியானம் அடி அண்ணாமலைப் பக்கம் ஒரு டாக்டரைப் பார்க்கப் போனோம். அங்கே கோவில் வாசலில் பைக்கை நிறுத்தச் சொன்னேன். பூக்கடையில் ஒரு கட்டி கற்பூரம் வாங்கித் தரையில் ஏற்றினேன்.

"அடிடா" என்றேன். எரிகிற கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்தால் சத்தியம். எங்கள் பக்கத்தில் நிலத் தகராறு, குடித்தகராறு, காதல் எல்லாவற்றிலும் கடைசித் தீர்ப்பு அதுதான். ஸ்டாம்புப் பேப்பரை மாற்றி எழுதலாம், இதை முடியாது.

அவன் தயங்கவே இல்லை. பட்டென்று அடித்தான். "இது உன்னுது. நான் இதுல கை வெக்கல. போதுமா?" என்றான். உள்ளங்கை கறுத்திருந்தது.

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. நெஞ்சு நிறைந்தால் எனக்கு வாய் சும்மா இருக்காது. "இனிமே அண்ணாமலையார்தான்டா நம்ம பதிவு ஆபீசர். லஞ்சம் ஒரு கட்டி கற்பூரம்" என்றேன். பூக்காரம்மா சிரித்தது. அவனும் சிரித்தான்.

சில நாள் கழித்து அவன் கேட்டான். "ஒரு வாரம் எனக்கு குடுடா. என் ஷூல மாட்டி ஓட்டிப் பாக்கறேன். வேற ஆளு போட்டாலும் நிக்குதான்னு தெரியணும்ல?" நியாயமாகப் பட்டது. கழற்றிக் கொடுத்தேன். ஒரு வாரம் மூன்று வாரம் ஆயிற்று. கேட்டபோது, "எங்கியோ வுழுந்துடுச்சு மச்சி, பைக்ல வர்றப்ப கவனிக்கல" என்றான். முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு சொன்னான். நான்தான் அவனைத் தேற்றினேன். பட்டன்தானே, பார்த்துக்கலாம் என்றேன். புதிய கோட்டுக்கு எங்கே போவது என்று மட்டும் உள்ளுக்குள் யோசித்தேன்.

அந்த வருஷக் கடைசியில் எங்கள் ரெப் சங்கத்துச் செயலாளர் கிளினிக் பெஞ்சுக்கு ஒரு வழவழப்பான பத்திரிகையோடு வந்தார். என் நண்பனுடைய கம்பெனி தன் ஆட்களுக்காக நடத்தும் பத்திரிகை. கம்பெனியில் யாருக்கு நல்ல யோசனை இருக்கிறது என்று போட்டி வைத்தார்களாம், தென்னிந்தியாவிலேயே நம் ஊர்ப் பையன் முதலாவதாம், பம்பாய்க்குக் கூட்டிப்போய் மாலை போட்டார்களாம். வைரல் காய்ச்சல் என்று சொல்லி அவன் நான்கு நாள் காணாமல் போனது எனக்கு ஞாபகம் வந்தது. அந்த நான்கு நாளும் அவன் அம்மாவிடம் தினம் போய் விசாரித்தவன் நான். அந்த அம்மாவும் "தூங்குறாம்பா" என்று வாசலிலேயே சொல்லி அனுப்பியது.

கலர் படம். கழுத்தில் மாலையோடு நண்பன் நிற்கிறான். கையில் ஒரு ஜோடி ஷூ. இடது ஷூவில் பழுப்புப் பட்டன். வலதில் நீலம்.

நிறத்தைக்கூட மாற்றவில்லை அவன். நான் போய் நிறத்தை வைத்துச் சண்டை போடுவேன் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. திருடியதைவிட அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

அவனை டீக்கடைக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"இது இன்னாடா?"

"நானே சொல்லணும்னு இருந்தேன்டா."

"கற்பூரம் அடிச்சியேடா."

அவன் நிஜமாகவே ஆச்சரியப்பட்டான். "டேய், அது காமெடிக்கு பண்ணதுதானே? நீதான சிரிச்ச? பூக்காரம்மாகூட சிரிச்சுதே."

"பட்டனும் காமெடிக்கா?"

"உனுக்கு நாளுக்கு பத்து யோசன வரும் மச்சி. பத்தும் பேசி சிரிச்சு முடிச்சுருவ. நான் ஒண்ண எடுத்து, படம் வரஞ்சு, இங்கிலீஷ்ல ஆறு பக்கம் எழுதி அனுப்பிச்சேன். அது எவ்ளோ கஷ்டம் தெரியுமா?" பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டான். "ஞாயித்துக்கெழம சங்கத்துல பாராட்டு வெக்கறாங்க. நீதான்டா மேடைல பேசி நடத்தணும். உன்ன வுட்டா யாரு கீறாங்க எனக்கு?"

சரி என்றேன். எனக்கு மைக் கிடைக்கிறது. உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டேன். மனைவியிடம்கூடச் சொல்லிவிட்டேன். "சொல்லுங்க. நானும் வரேன்" என்றாள்.

ஞாயிறு காலை. மண்டபம் நிறைய ரெப்கள், குடும்பங்கள், முன்வரிசையில் ஐந்தாறு டாக்டர்கள். வாசலில் ஒரு மலை அளவுக்கு லேஸ் வைத்த கறுப்பு ஷூக்கள். நண்பன் நடு நாற்காலியில் பொன்னாடையோடு இருந்தான். நான் மைக்கைப் பிடித்தேன்.

"இந்தப் பட்டன கண்டுபுடிச்சது நான். இவரு இல்ல" என்றேன்.

மண்டபம் வெடித்துச் சிரித்தது.

"நெஜமாத்தாங்க சொல்றேன். ஒரு வாரத்துக்குன்னு வாங்கிட்டுப் போனாரு. தொலஞ்சிடுச்சின்னாரு."

இன்னும் சிரிப்பு. அன்றைக்கு என்னைத் தாண்டிப் போன பெரிய டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அந்தப் படத்துல கீற பழுப்புப் பட்டன் என் கல்யாணக் கோட்டுது. நீலம் என் ஸ்வெட்டர்து. அடி அண்ணாமலையில கற்பூரம் அடிச்சு எனக்கு சத்தியம் பண்ணிக் குடுத்தாரு."

இந்தத் தடவை சிரிப்பு பாதியில் நின்றது. கற்பூரம் என்ற வார்த்தைக்கு எங்கள் ஊரில் அந்த மரியாதை உண்டு. மூன்றாவது வரிசையில் ஒருத்தர் பக்கத்து ஆளிடம் ஏதோ கேட்டார். செயலாளர் பத்திரிகையை எடுத்துப் படத்தைக் கண்ணருகே கொண்டுபோனார். பெரிய டாக்டர் கர்ச்சீப்பை மடித்துவிட்டு என்னை நேராகப் பார்த்தார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. நான் எத்தனையோ வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தது அதைத்தான். திரும்பி நண்பனைப் பார்த்தேன். அவன் முகம் வெளுத்துப்போய், பொன்னாடையின் நுனியைத் திருகிக்கொண்டிருந்தான்.

இன்னும் ஒரு வாக்கியம் போதும். எனக்கும் வாய் திறந்தது.

"அந்த சத்தியத்துல கற்பூரம் வாங்குனது மட்டும் நான்தான். அதையாவது என் கண்டுபிடிப்புன்னு ஒத்துக்கங்க!"

மண்டபம் இடிந்து விழுகிற மாதிரி கைத்தட்டல். நண்பன் எழுந்து ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். "செம்ம மச்சி, செம்ம" என்று காதுக்குள் சொன்னான். அவன் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது என் நெஞ்சில் தெரிந்தது. சாப்பாட்டுப் பந்தியில் எத்தனை பேர் வந்து கை கொடுத்தார்கள்! இந்த மாதிரி காமெடி கேட்டதே இல்லை என்றார்கள். செயலாளர் எனக்கு இரண்டாவது ஜாங்கிரி வைக்கச் சொன்னார்.

பஸ் ஸ்டாண்டுக்கு வந்தோம். நிழலாகப் பார்த்து நின்ற பிறகு மனைவி கேட்டாள்.

"எல்லாரும் கம்முனு ஆனாங்களே, நம்பிட்டாங்களே. அப்ப எதுக்குங்க காமெடி பண்ணீங்க?"

"அவன் மூஞ்சிய பாத்தியா? செத்துப்போச்சுடி. என்னால பாக்க முடில."

அவள் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். எங்கள் பஸ் தூரத்தில் திரும்புவது தெரிந்தது.

"அவரால மட்டும் தெனமும் உங்க மூஞ்சிய பாக்க முடிஞ்சுதில்ல?" என்றாள்.