மேல்வீட்டு வெள்ளிக் கூம்புகள்

நாங்கள் புலம்பெயர்ந்து வந்து டோர்செட் பார்க்கில் இருந்த அடுக்குமாடிக் கட்டடத்தில், சரியாக எங்கள் தலைக்கு மேலே யாரோ நாள் முழுக்க எதையோ தட்டிக்கொண்டிருந்தார்கள். அப்பாவுக்குப் பிறம்ரன் நகரில் இரவு வேலை. காலையில் வந்து படுப்பார், கொஞ்ச நேரத்தில் எழும்பிவிடுவார். தண்ணீர் குடிப்பார், பல்கனிக்குப் போவார், திரும்பி வந்து படுப்பார், மறுபடி எழும்புவார். அவர் நடந்தால் அம்மாவும் நடப்பார். பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் இருவருக்கும் பின்னால் நானும் நடந்தேன்.

ஒரு சனிக்கிழமை அம்மாவின் பொறுமை போய்விட்டது. மொழிபெயர்க்க என்னையும் கூட்டிக்கொண்டு மேலே ஏறினார்.

“என்ரை மனிசன் பகலிலைதான் படுக்கிறவர் எண்டு சொல்லு. கோவமாச் சொல்லாதை.”

கதவைத் திறந்த பெண்மணியின் கையில் சின்னச் சுத்தியல் இருந்தது. நான் சொன்னதைக் கேட்டதும் முகம் சிவந்து மன்னிப்புக் கேட்டார். அரிசோனாவில் பிறந்தவர், தாய்வழியில் அப்பாச்சி என்ற பூர்வகுடி இனத்தவர். அவருடைய ஆட்கள் முதுகில் சுமக்கும் கூடைகளில் தோல் வார்களும் தகரக் கூம்புகளும் தொங்குமாம், நடக்கும்போது கலகலக்குமாம். அந்தக் கூம்புகளையே வெள்ளித் தகட்டில் சின்னதாக வளைத்துத் தட்டி, தோடு செய்துகொண்டிருந்தார். ஒன்றை என் காதருகே ஆட்டிக் காட்டினார்.

“காலிலை போடுற வெள்ளியைக் காதிலையே போடுறது?” என்றார் அம்மா. அதை மட்டும் நான் மொழிபெயர்க்கவில்லை.

அதன்பிறகு மேல்வீடு அமைதியாகிவிட்டது. அப்பா மட்டும் நடந்துகொண்டே இருந்தார். வன்னியில் சண்டைக்குள் அகப்பட்டிருந்த சித்தப்பாவைப் பற்றி மாதக்கணக்காக ஒரு தகவலும் இல்லை. அப்பா அடிக்கடி தொலைபேசியை எடுத்துக் காதில் வைத்து, அது உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வைப்பார். சத்தம் நின்றபிறகும் இவர் ஏன் படுக்கிறார் இல்லை என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

“பாவம், எங்களாலை அவவின்ரை வேலை கெடுது. தட்டச் சொல்லிப்போட்டு வாறன்,” என்று ஒருநாள் அப்பா மேலே போனார். கொஞ்ச நேரத்தில் சுத்தியல் சத்தம் கேட்டது. அப்பா வரவில்லை.

அப்போதுதான் தொலைபேசி அடித்தது. அம்மா எடுத்தார். “ஓம்… ஓம்…” என்று மட்டும் சொன்னார். வைத்துவிட்டுக் குளியலறைக்குள் போய் நெடுநேரம் தண்ணீரைத் திறந்துவிட்டிருந்தார். பிறகு வந்து என் கையைப் பிடித்தார். இருவரும் மேலே போனோம்.

அப்பா அந்தப் பெண்மணியின் சோபாவில், வாயைத் திறந்தபடி நித்திரையாக இருந்தார். அவர் தட்டுவதைப் பார்க்கவென்று இருந்தவர் அப்படியே தூங்கிவிட்டாராம். எங்களைக் கண்டதும் அந்தப் பெண்மணி சங்கடத்தோடு சுத்தியலைக் கீழே வைத்தார். நான் அப்பாவை உலுப்பப் போனேன். அம்மா என் தோளைப் பிடித்து இழுத்தார்.

“எழுப்பாதை. நிப்பாட்ட வேண்டாம் எண்டு அவவுக்குச் சொல்லு. தட்டட்டும்.”

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அன்றைக்குத் தட்டவேண்டாம் என்றதும் நாங்கள்தானே. ஆனாலும் சொன்னேன். அவர் அம்மாவின் முகத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு அடுத்த தகட்டை எடுத்துத் தட்டத் தொடங்கினார்.

அம்மா அப்பாவின் காலடியில் நிலத்தில் இருந்தார். வீட்டுக்குப் போவோம் என்று நான் அவரை அரித்துக்கொண்டே இருந்தேன். அப்பா கண் விழிக்கும்வரைக்குமாவது அவருக்கு ஒரு தம்பி இருக்கட்டும் என்று அம்மா காத்திருந்தது எனக்கு அப்போது விளங்கவில்லை.