கம்யூனிகேஷன் சரியில்லையாம்!

போன மாதம் எங்கள் மேனேஜர் போனில் சொன்னார்: "இந்த ஒரு தடவை அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க மேடம்."

பதினாறு வருட சர்வீஸில் நான் அட்ஜஸ்ட் செய்தது கொஞ்சமா நஞ்சமா? ஆனால் இந்த முறை முடியவில்லை.

ராஜபாளையத்தில் எங்கள் சாஃப்ட்வேர் கம்பெனிக்கு ஒரு சின்ன கிளை. ஆஸ்பத்திரிகளுக்கு சாஃப்ட்வேர் செய்கிறோம். அதில் தப்பு கண்டுபிடிக்கும் டெஸ்டிங் டீமுக்கு நான் லீட். அன்று அந்த டீமுக்கு ஆள் எடுக்க இண்டர்வியூ. கேள்வி கேட்க நானும், சென்னையிலிருந்து வீடியோவில் மேனேஜரும்.

முதலில் வந்தவர் ஓர் ஆண்; ஆங்கிலத்தில் வெளுத்து வாங்கினார். மேனேஜரும் அவரும் கிரிக்கெட் பேசிச் சிரித்தார்கள். கொடுத்த டெஸ்டில் மூன்று தப்புகளைப் பிடித்திருந்தார்.

அடுத்து நூர்ஜஹான். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர். ஐந்து வருட அனுபவம், குழந்தை பிறந்த பிறகு மூன்று வருட இடைவெளி. அதே டெஸ்டில் ஒன்பது தப்புகள்! ஒன்பதாவது எங்களுக்கே தெரியாதது. அதை ஆங்கிலத்தில் விளக்கத் தொடங்கித் தடுமாறினார்.

"தமிழ்லயே சொல்லுங்கம்மா" என்றேன்.

"நோயாளி பேர மாத்துனா பழைய ரிப்போர்ட்டு அப்படியே கெடக்கு மேடம். ஒருத்தரு ரத்த ரிப்போர்ட்டு இன்னொருத்தரு பேருல போயிரும். டாக்டரு அதப் பாத்துத்தான மருந்து எழுதுவாவ?"

டெஸ்டுக்குக் கொடுத்திருந்தது எங்கள் நிஜ சாஃப்ட்வேர். அடுத்த வாரம் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய சாஃப்ட்வேர் அது.

மேனேஜர் என்ன கேட்டார் தெரியுமா? "வேலைக்கு வந்துட்டா குழந்தையை யார் பார்த்துப்பாங்க?"

நூர்ஜஹான் திரையைப் பார்த்துச் சொன்னார்: "எனக்கு முன்னாடி வந்தவியளுக்கும் ரெண்டு பிள்ளைய சார். வெளிய உக்காந்திருந்தப்ப சொன்னாவ. அவியகிட்டயும் இதக் கேட்டீகளா?"

குரலில் கோபமே இல்லை. மேனேஜர் அசையவில்லை. நெட்வொர்க் போய்விட்டது என்றே நினைத்தேன்... நெட்வொர்க் நன்றாகத்தான் இருந்தது.

சாயங்காலம் போன் வந்தது. "அந்தப் பொண்ணுக்கு ஆட்டிட்யூட் ஜாஸ்தி. நம்ம கல்ச்சருக்கு செட் ஆகாது. ஃபார்ம்ல 'கம்யூனிகேஷன் சரியில்லை'ன்னு போட்டுடுங்க."

"அவங்க சொன்னது எனக்கு நல்லாப் புரிஞ்சதே சார்."

அப்போதுதான் அந்த 'அட்ஜஸ்ட்' வந்தது.

பயம் இல்லையா என்றால், இருந்தது. என் வருடாந்திர ரேட்டிங் அவர் கையில்.  இருந்தாலும் ஃபார்மில் முழு மார்க் போட்டேன். கீழே எழுதினேன்: 'நாம் யாரும் பார்க்காத ஆபத்தைப் பார்த்தவர். கட்டாயம் எடுக்க வேண்டும்.' கூடவே மேனேஜருக்கு ஒரு மெயில்: 'வேண்டாம் என்றால், காரணத்தை நீங்களே எழுதி உங்கள் பெயரைப் போடுங்கள் சார்.'

மூன்று நாள் பதிலே இல்லை. அதற்குள் அந்த ஒன்பதாவது தப்பை நாங்கள் சரிசெய்து முடித்தோம்.

நான்காம் நாள் நூர்ஜஹான் கூப்பிட்டார். "மேடம், வேலைக்கு எடுத்துருக்கதா மெயில் வந்துருக்கு. நெசந்தானா?"

"நெசந்தான்."

 "அந்தக் கேள்வியக் கேட்டுருக்கக் கூடாதோன்னு மூணு நாளா ஒறக்கமே இல்ல மேடம்."

எனக்குக் கோபம் வந்தது, அவர் மேல் அல்ல. நியாயமான ஒரு கேள்விக்காக ஒரு பெண் ஏன் மூன்று நாள் தூக்கம் கெட வேண்டும்?

"கேட்டது சரிதாம்மா. வேலைக்கு வந்த பொறவும் கேளுங்க" என்றேன்.

இப்போது என் டீமில்தான் இருக்கிறார். வந்த முதல் வாரமே என் வேலையில் இரண்டு தப்பு கண்டுபிடித்தார்!

ஆபீஸ்களில் யாரும் கூச்சல் போட்டு அநியாயம் செய்வதில்லை. ஃபார்மில் ஒரு கட்டத்தை டிக் அடிக்கிறார்கள், அவ்வளவுதான். 'சரி, கீழே உங்க பேரைப் போடுங்க' என்று சொல்லிப் பாருங்கள்... பேனா காணாமல் போய்விடும்.

எனக்கும் பரிசு கிடைத்தது. 'உங்கள் வேலைப்பளுவைக் குறைக்க' இனி இண்டர்வியூவுக்கு நான் வர வேண்டாமாம். மெயில் வந்திருக்கிறது.

அதன் கீழேயும் யார் பெயரும் இல்லை.