குறைந்துபோன ஐந்து முழம்

படகில் குடியிருப்பது என்றால் காற்று வாங்குவது என்று நினைப்பவர்கள், முதலில் அதன் கூரையில் ஒருமுறை தலையை இடித்துக்கொண்டு பார்க்க வேண்டும். நான் முதல் நாளே நான்கு முறை இடித்துக்கொண்டேன். நான்காவது முறை என் கணவர் சிரித்துவிட்டார். அன்று மத்தியானம் அவருக்கு வெறும் சோறும் ஊறுகாயும்தான்.

அவர் பர்மாவில், யாங்கோன் துறைமுகத்தில் முப்பத்தாறு வருஷம் இழுவைப் படகில் சுக்கானியாக இருந்தவர். கடலிலிருந்து வரும் பெரிய கப்பல்களைக் கரைக்கு இழுத்து வந்து நிறுத்துகிற வேலை. ஓய்வு பெற்ற மற்றவர்கள் தேநீர்க் கடையில் போய் உட்கார்ந்தார்கள். இவர் மட்டும் துவாந்தே கால்வாயில் பானை சட்டி ஏற்றிக்கொண்டிருந்த ஒரு பழைய மரப்படகை வாங்கி வந்துவிட்டார். நாற்பதடி நீளம், ஏழடி அகலம். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் பலகையில் உட்கார்ந்து வழிவிட வேண்டும். யார் உட்காருவது என்பதிலேயே எங்களுக்குள் பாதிச் சண்டை நடந்தது.

எங்கள் வீடு நகரின் நடுவே லத்தாவில், சந்தைத் தெருவில், ஆறாவது மாடி. மின்தூக்கி கிடையாது. கோடையில் கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. வந்த நேரத்தில் தண்ணீர் மோட்டாரைப் போடுவதா, மின்விசிறியின் கீழே படுப்பதா என்று தவித்துப்போவோம். அவர் அதைத்தான் பிடித்துக்கொண்டார்.

"கரண்ட் இல்லாம மாடியில வேகுறதுக்கு ஆத்துல இருக்கலாம்ல? மாசியில ஏறுவோம். மழை பிடிக்கிற வரைக்கும் இருந்து பாரு. உனக்குப் பிடிக்கலன்னா வித்துப்புடுறேன். நீ சொல்றதுதான்."

நான் சொல்லப்போவது என்ன என்பது எனக்கு அப்போதே தெரியும். வாங்குவதற்கு ஆளும் தயாராக இருந்தார். கியாக்தானில் ஆற்று நடுவே இருக்கும் புத்தர் பகோடாவுக்கு ஆட்களை ஏற்றிப்போகிற தமிழர் ஒருவர், நாங்கள் படகை வாங்கிய நாளிலிருந்தே கண் வைத்திருந்தார். ஆக, ஒரு கோடைதான். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு, வைகாசியில் 'விற்றுவிடுங்கள்' என்று சொல்லிவிட்டு மாடி ஏறிவிடலாம்.

சும்மா சொன்னால் போதாது, காரணங்களோடு சொல்ல வேண்டும் என்று கிழித்த நாட்காட்டித் தாள்களின் பின்பக்கத்தில் குறைகளை எழுதத் தொடங்கினேன். கோயிலில் ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்பு எடுப்பவள் நான்; எழுத்து அழகாகவே இருக்கும். தலை இடிக்கிறது. கழிவறை என்பது பின்பக்கம் ஒரு திரையும் ஓட்டையும்தான். காற்றடித்தால் திரையை ஒரு கையால் பிடித்துக்கொள்ள வேண்டும். எஞ்சின் புகை சோற்றில் வாடை அடிக்கிறது. அடியில் கசிகிறது, தினமும் காலையில் முப்பது டப்பா தண்ணீர் இறைக்க வேண்டும். படகின் முகப்பு ஆற்றுக் காவல் தெய்வத்துக்கு என்று அவர் தேங்காயும் இலைக்கொத்தும் கட்டிவிட்டார். அங்கே செருப்புக் கால் படக்கூடாது, நான் உட்காரவும் கூடாது. எங்கள் முருகன் படம் எஞ்சின் பக்கத்தில் போய் மாட்டிக்கொண்டு, பத்தே நாளில் கறுத்துவிட்டது.

எதைச் சொன்னாலும் அவரிடம் ஒரே பதில்தான். "யாடெ, யாடெ." பர்மியத்தில் 'பரவாயில்லை, ஆகட்டும்' என்று அர்த்தம். கல்யாணமான நாளிலிருந்து கேட்கிறேன். அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆனால் ஒரு குறைக்கு மட்டும் அவர் யாடெ சொல்லவில்லை.

பஸுண்டவுங் கால்வாயின் கிழக்குக் கரையில், தாகேதா பக்கம், ஒரு பழைய மரத்துறையில் படகைக் கட்டியிருந்தோம். எங்கள் மகள் வீடு அங்கிருந்து நடந்துபோகிற தூரம். கடல் ஏறினால் அந்தக் கால்வாயும் ஏறும். கடல் வற்றினால் அதுவும் வற்றும். ஒரு நாளைக்கு இரண்டு முறை படகு மாடிக்கும் கீழ்வீட்டுக்குமாகப் போய்வரும். அதனால் கயிற்றை இழுத்துக் கட்டக்கூடாது. பன்னிரண்டு முழம் தளர்வாக விட்டிருந்தார். தண்ணீர் நிறையும் நேரத்தில் அந்தத் தளர்ச்சியில் படகு ஊஞ்சலாடி, துறைத் தூணில் மட்டென்று முட்டும். கொஞ்சம் கண்ணயர்ந்தால் போதும், மட். நான் பத்து நாள் தூங்கவில்லை. எழுதி வைத்ததோடு நிற்காமல் வாய்விட்டே அழுதுவிட்டேன்.

அவர் போய் ஐந்து முழத்தைச் சுருட்டிக் கட்டிவிட்டு வந்தார். தேய்பிறை எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ. அந்த நாட்களில் ஆறு அதிகம் ஏறாது, அதிகம் இறங்காது. படகு அசையாமல் நின்றது. நான் விடியும் வரை தூங்கினேன். படகு ஏறிய பிறகு முதல் முறையாக அவருக்குக் கேசரி கிண்டிக் கொடுத்தேன். அமாவாசை வந்தபோது இரண்டு நாள் தளர்த்திவிட்டு, நான் முகம் சுளித்ததும் திரும்பச் சுருக்கிக்கொண்டார்.

பங்குனி உத்திரத்துக்கு முந்தின நாள் சாயங்காலம், "நாளைக்குப் பௌர்ணமி. காலையில கயிறை விடணும்," என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது. நன்றாகவே விழுந்தது.

மறுநாள் விடிகாலையில் கால்வாய் துறைப்பலகை வரை நிறைந்திருந்தது. நான் மஞ்சள் புடவை கட்டிக்கொண்டு, பால்குடத்துக்குச் செம்பைத் தேய்த்து வைத்துவிட்டு, அவரை ஒரு வழி பண்ணிக்கொண்டிருந்தேன். "கிளம்புங்க, கிளம்புங்க. பால்குடம் எல்லாம் போயிட்ட பிறகு நாம போயி எதைப் பார்க்குறது?" அவர் கயிற்றுப் பக்கம் போனார். நான் அவர் பையைத் தூக்கிக் கையில் திணித்தேன். இருவரும் ஓடினோம்.

யாங்கோன் தமிழர்களுக்கு இதுதான் சிக்கல். எங்களுக்கு நல்ல நாள் என்றால் பாதி பௌர்ணமியில் வரும். ஆறு அன்றைக்குத்தான் அடிமட்டம் வரை இறங்கும். ஆற்றோடு பிழைக்கிறவன் அன்றைக்குப் படகை விட்டு அசையக்கூடாது. அன்றைக்குத்தான் நாங்கள் எல்லோரும் கோயிலில் இருப்போம்.

பால்குடம் எடுத்து, கும்பிட்டு, அன்னதானத்தில் சாப்பிட்டுவிட்டு மத்தியானம் ஒரு மணிக்கு வந்து சேர்ந்தோம். துறையில் கூட்டம். கால்வாயில் தண்ணீர் எங்கேயோ கீழே, ஒரு வாய்க்கால் அளவுக்குக் கிடந்தது. எங்கள் படகு துறையில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் கயிறுகள் விறைத்துப் பிடித்துக்கொள்ள, மறுபக்கம் சேற்றைப் பார்த்துச் சாய்ந்து, உள்ளே இருந்ததை எல்லாம் கொட்டிவிட்டிருந்தது. என் அரிசி டின் சேற்றில். ஊறுகாய் ஜாடி சேற்றில். முதல் நாள் கூரைமேல் காயவைத்த வற்றல் நான்கு முறமும் சேற்றில். முருகன் படம் மட்டும் எஞ்சின் பக்கத்து ஆணியில் அப்படியே இருந்தது, இன்னும் கொஞ்சம் கறுப்பாக.

கரையில் நின்றவர்கள் சிரித்தார்கள். பக்கத்துப் படகுக்காரர் ஒருவர், "துறைமுகச் சுக்கானியா இப்படிக் கட்டினது?" என்று பர்மியத்தில் கேட்டார். கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

என் கணவர் தலையை மட்டும் ஆட்டினார். "என் தப்புதான்."

முப்பத்தாறு வருஷத்தில் ஒரு கயிற்றில்கூடத் தப்புப் பண்ணாத மனுஷர். 'இவள்தான் முட்டுகிறது என்று அழுதாள், இவள்தான் காலையில் விரட்டினாள்' என்று சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன். கடைசிப் படகுக்குக் கேட்கும்படி சொல்லியிருப்பேன். அவர் சொல்லவில்லை. அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

தண்ணீர் ஏறியதும் படகு தானாக நிமிர்ந்துகொண்டது. அவர் இறங்கி அடிப்பலகை முழுக்கத் தடவிப் பார்த்தார். எதுவும் உடையவில்லை. சாயங்காலம் வந்த மகள், சேற்றைக் கழுவிக்கொண்டே, "மேமே, இதான் சாக்கு. இப்ப வித்துடுங்க," என்றாள். எங்கள் வீட்டில் அம்மாவை மேமே என்று பர்மியத்தில்தான் கூப்பிடுவாள்; மற்றதைத் தமிழில் பேசுவது எனக்காக.

நான் சொல்லும் வரை அவர் காத்திருக்கவில்லை. "கியாக்தான்காரருக்குப் போன் போட்டுட்டேன்," என்றார். "மழைக்கு முன்னால வந்து எடுத்துக்கிறாராம். நீ சொன்னது சரி. இது நமக்கு ஆகாது."

நான் கேட்டது கிடைத்துவிட்டது. குதிக்க வேண்டியவள், அரிசி டின்னைத் திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தேன்.

எப்படியும் கோடை பாக்கி இருந்தது. சித்திரையில் பர்மியப் புத்தாண்டுத் திருநாளுக்கு நகரம் முழுக்கத் தண்ணீர் ஊற்றி ஆட்டம் போடும். அந்தச் சத்தத்திலிருந்து தப்பிக்கத் துவாந்தே பக்கம் ஒரு வாரம் போய்வருவோம் என்றேன். அவர் மறுக்கவில்லை. ஆறு ஏறும் நேரம் பார்த்து அவிழ்த்தோம். எஞ்சினைச் சும்மா முனக விட்டால் போதும். தண்ணீரே தள்ளிக்கொண்டு போகும். தண்ணீர் திரும்பியதும் எங்கேயாவது ஒரு மரத்தடியில் கட்டிவிட்டு அடுத்த ஏற்றம் வரும் வரை ஆறு மணி நேரம் காத்திருப்போம். அந்த ஆறு மணி நேரத்தில் நான் என்னென்ன செய்தேன் என்று கேட்டால் சொல்ல ஒன்றுமில்லை. கூரையில் புதிதாக வற்றல் பிழிந்து காயவைத்தேன். ஆறு மாடி ஏறி மொட்டைமாடிக்குப் போக வேண்டாம், காக்கைக்குக் காவல் இருக்க வேண்டாம். ஒரே நாளில் கலகலவென்று காய்ந்துவிட்டது. படகிலேயே வந்து மொகிங்கா என்கிற மீன்குழம்பு நூடுல்ஸ் விற்ற பெண்ணிடம் கிண்ணத்தை நீட்டி வாங்கிச் சாப்பிட்டேன். கால்களைத் தண்ணீரில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

கால்வாய்க் கரையில் நின்ற பெண்கள் வாளி வாளியாக எங்கள்மேல் ஊற்றினார்கள். நான் தண்ணீர் இறைக்கும் டப்பாவை எடுத்துத் திருப்பி ஊற்றினேன். அறுபது வயதை நெருங்குகிறவள், புடவை முழங்காலுக்கு ஏற, பர்மியத்தில் திட்டிக்கொண்டே ஊற்றினேன். அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும்தான்.

அவர் மட்டும் சுக்கானைப் பிடித்துக்கொண்டு பேசாமல் இருந்தார். தலை இடித்துக்கொண்டேன், சிரிக்கவில்லை. சோற்றில் புகை வாடை என்றேன், "ஆமா" என்றார். ஒரு வாரமாகியும் அவர் வாயிலிருந்து ஒரு யாடெ வரவில்லை. அந்தச் சொல் இல்லாமல் படகு எனக்கு வெறிச்சென்று இருந்தது. படகை எனக்குப் பிடித்துவிட்டது என்பதும் அப்போதுதான் தெரிந்தது. அதைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அவ்வளவு குறை சொன்ன வாய் அது.

துறைக்குத் திரும்பிய பிறகும், அமாவாசை பௌர்ணமி தவிர மற்ற நாட்களில் அவர் எனக்காகக் கயிற்றை ஐந்து முழம் சுருக்கியே கட்டினார். வைகாசி பிறந்து, மேற்கே மேகம் கட்டத் தொடங்கிய ஒரு நாள் காலையில் கியாக்தான்காரர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். நல்ல மனிதர். ஒரு தார் வாழைப்பழத்தோடு வந்திருந்தார். முகப்பில் செருப்பைக் கழற்றிவிட்டு, தெய்வத்துக்குக் கும்பிட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தார். வந்தவுடன் தலையை இடித்துக்கொண்டார்.

"அது இடிக்கும்," என்றேன்.

"யாடெ, அக்கா," என்றார் தலையைத் தேய்த்தபடி.

அந்தச் சொல்லை அவர் வாயில் கேட்டதும் எனக்கு என்னவோ ஆகிவிட்டது. தேநீரைக் கொடுத்துவிட்டு, அலமாரியிலிருந்து நாட்காட்டித் தாள்களை எடுத்து வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தேன்.

"தினமும் இடிக்கும். பகோடாவுக்கு வர்றவங்க பாதிப் பேரு வயசானவங்க. உங்களைத்தான் திட்டுவாங்க. எஞ்சின் புகை எல்லாம் உள்ளதான் வரும், அங்க பாருங்க எங்க முருகனை. அடியில கசியுது. காலையில முப்பது டப்பா. மழையில அறுபது ஆகும். கழிவறைத் திரை பறக்கும்."

என் கணவர் எஞ்சின் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தார். "என்ன பேசுற நீ?"

"உள்ளதைப் பேசுறேன். பங்குனி உத்திரத்தன்னிக்குக் கயித்துல தொங்கிச்சு, தம்பி. எல்லாம் சேத்துல. அடிப்பலகை என்ன ஆச்சோ?"

"நான்தான் பார்த்தேனே, ஒண்ணும் ஆகல," என்றார் இவர்.

"நீங்க சும்மா இருங்க. அது தொங்கினது இவரு தப்பு இல்ல, தம்பி. முட்டுது, தூக்கம் வரலன்னு அழுது நான்தான் கயிறைச் சுருக்க வச்சேன். அன்னிக்குக் காலையில அதைத் தளர்த்த விடாம விரட்டினதும் நான்தான். இதைத் தாகேதா முழுக்கப் போய்ச் சொல்லுங்க."

கியாக்தான்காரர் தேநீரை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அக்கா, விக்கிறவங்க இப்படிப் பேசி நான் கேட்டதே இல்ல," என்றார். சிரித்துக்கொண்டே எழுந்தார். மறுபடியும் தலையை இடித்துக்கொண்டார். வாழைத்தாரை எங்களிடமே விட்டுவிட்டுப் போனார்.

என் கணவர் கையில் எண்ணெய்த் துணியோடு நின்றுகொண்டிருந்தார். முகத்தைப் பார்த்தால் கோபமா அழுகையா தெரியவில்லை. நான் அங்கே நிற்கவில்லை. துறையில் ஏறி, தூணில் சுற்றியிருந்த கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தேன். சேறு காய்ந்து முடிச்சு இறுகிப் போயிருந்தது. நகம் ஒன்று உடைந்தது. ஒவ்வொரு முழமாக அளந்து, ஐந்து முழத்தையும் தண்ணீருக்கு விட்டேன்.

"முட்டுமே," என்றார் அவர் படகிலிருந்து.

"முட்டட்டும்."

"தூக்கம் வராதே உனக்கு."

"யாடெ," என்றேன்.