சர்வேக்கு வைத்த ஊசி

2023 செப்டம்பர் 12, செவ்வாய்க்கிழமை. காலை 5.15-க்கு எழுந்தேன். தண்ணீர் பிடித்து, சமைத்து, மகளுக்கு டப்பா கட்டிக் கொடுத்தேன். 7.20-க்கு அரியலூரில் பஸ். பெரம்பலூரில் இறங்கி வேப்பந்தட்டை வழியாகப் போகும் டவுன் பஸ்ஸில் ஏறினேன். பையில் டேப்லெட், அது மக்கர் செய்தால் எழுதுவதற்கு அச்சடித்த படிவம் நான்கு, நீலப் பேனா இரண்டு, தண்ணீர் பாட்டில்.

பக்கத்து சீட்டு அம்மா என்ன வேலை என்று கேட்டார். "ஸ்டாக் செக்கிங்" என்றேன்.

"ரேஷன் கடையாம்மா? எங்கூரு கடைல போன மாசம் பருப்பே போடல. அதையும் சேத்து எழுதிக்கங்க."

நான் பார்ப்பது வேறு ஸ்டாக். அரசு சுகாதார நிலையங்களில் ஆணுறை, கருத்தடை மாத்திரை, காப்பர்-டி, மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடும் கருத்தடை ஊசி ஆகியவை கையிருப்பில் உண்டா என்று பார்த்துப் பதிவு செய்யும் கள ஆய்வாளர் நான். பதினோரு வருடமாக இதே வேலை. விதி ஒன்றுதான். யார் வாய்ச் சொல்லையும் எழுதக் கூடாது. பொருளைக் கண்ணால் பார்த்து, காலாவதித் தேதியைப் படித்து, 'உண்டு' அல்லது 'இல்லை' என்று குறிக்க வேண்டும்.

அன்று போன ஆரம்ப சுகாதார நிலையத்தின் பெயர் வேண்டாம். பார்மசிஸ்ட் ராஜேந்திரன் சார் எனக்கு நாலு வருடப் பழக்கம். வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் அலமாரியிலிருந்து ஒரு ஸ்வீட் கடை பிளாஸ்டிக் பெட்டியை எடுத்து மேஜைமேல் வைத்தார். உள்ளே பஞ்சு விரித்து, அதன்மேல் கொலு வைத்த மாதிரி ஒவ்வொரு பொருளிலும் ஒன்று. மூடியில் சிவப்பு மையில் 'சர்வே. தொடக்கூடாது' என்று எழுதியிருந்தது.

"எந்த டீம் வந்தாலும் அரை நிமிஷத்துல காட்டிருவேன் மேடம்" என்றார்.

எனக்கு ஒரே சந்தோஷம். எத்தனையோ இடங்களில் சாவியைத் தேடியே ஒரு மணி நேரம் போயிருக்கிறது. தேதிகளைப் படித்தேன், எல்லாம் சரி. 11.20-க்கு அத்தனைக்கும் 'உண்டு' போட்டு, "உங்களை மாதிரி எல்லாரும் இருந்தா நான் மூணு மணி பஸ்ஸுக்கே போயிடுவேன் சார்" என்று பாராட்டிவிட்டு, வெளியே வந்துபோகிறவர்களைப் பேட்டி எடுக்கப் போனேன்.

வாசல் பெஞ்சில் ஓர் இளம்பெண் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். பெயர் கவிதா. இரண்டு பிள்ளைகள். செருப்புக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறதாம்.

"எதுக்கு வந்தீங்க?"

"மூணு மாச ஊசிக்குங்க. இல்லைன்னுட்டாங்க."

"இருக்கே, இப்பதானே பார்த்தேன்!"

"நீங்க பாக்கறீங்க மேடம். எனக்குக் கெடைக்க மாட்டேங்குது. பெர்மிஷன் போட்டுட்டு இது மூணாவது தடவ வரேன்."

அவருடைய ஊசி அட்டையை வாங்கிப் பார்த்தேன். ஆகஸ்ட் 16 அன்று போட்டிருக்க வேண்டிய ஊசி. நான்கு வாரம் வரை தள்ளிப் போடலாம். விரல் விட்டு எண்ணினேன். மறுநாளோடு கெடு முடிகிறது. தவறினால் மறுபடி பரிசோதனை, மறுபடி முதலிலிருந்து.

"இப்ப வயித்துல ஒண்ணு ஆயிருச்சுன்னா கம்பெனில வச்சுக்க மாட்டாங்க மேடம். வேலை போயிரும்" என்றார் கவிதா.

உள்ளே போனேன். "சார், ஒரு ஊசி இருக்கே?"

"அது சர்வேக்கு மேடம்."

"நான்தான் பார்த்துட்டேனே."

"அடுத்த வாரம் இன்னொரு டீம் வந்தா? சர்வேல 'இல்லை'ன்னு சிவப்பு விழுந்தா மாசாந்தர மீட்டிங்ல எல்லார் முன்னாடியும் எந்திரிச்சு நிக்கணும்." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்: "இதைச் சொல்லிக் குடுத்ததே நீங்கதான் மேடம். முத தடவ வந்தப்ப, 'ஒண்ணே ஒண்ணு கண்ணுல காட்டுங்க சார், உண்டுன்னு போட்டுடறேன்'னீங்க. அன்னிலேருந்து எல்லாத்துலயும் ஒண்ணு ஒதுக்கி வச்சிருவேன். தேதி முடியறதுக்குள்ள மாத்தியும் வச்சிருவேன்."

அவர் சொன்னது உண்மை. எல்லா இடத்திலும் நான் சொல்லும் வாக்கியம் அது. பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் சொல்வது. அதை ஒரு மனிதர் இத்தனை சிரத்தையாகக் கடைப்பிடிப்பார் என்று நான் நினைத்ததே இல்லை.

பெட்டியைத் திறங்கள் என்று சொல்ல எனக்கு அதிகாரம் கிடையாது. ஆய்வாளர் சேவையில் தலையிடக் கூடாது. ஆனால் என் படிவம் என் கையில் இருந்தது. அவர் கண்ணெதிரே ஊசிக்கு நேரே இருந்த 'உண்டு'வை 'இல்லை' என்று மாற்றினேன்.

"என்ன மேடம் இப்படிப் பண்ணிட்டீங்க!"

"மூணு தடவை ஒருத்தியத் திருப்பி அனுப்பியிருக்கீங்க. நான் எப்படி சார் 'உண்டு'ன்னு போட முடியும்? அது பெட்டிக்குள்ள இருந்தாலும் 'இல்லை'தான், எடுத்துக் குடுத்தாலும் 'இல்லை'தான். எடுத்துக் குடுத்த 'இல்லை'யா இருந்துட்டுப் போகட்டுமே."

ராஜேந்திரன் சார் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அடுத்த அறையிலிருந்து நர்ஸ் ஜெயந்தி எட்டிப் பார்த்தார். "சார், நான் சிரிஞ்சை எடுத்து வைக்கவா, வேணாமா? அந்தப் பொண்ணு பஸ்ஸுக்குப் போயிரும்."

"அட, வைம்மா!" என்று மூடியைத் திறந்தார்.

11.50-க்கு ஊசி போட்டாயிற்று. "போட்ட எடத்தத் தேய்க்காதே" என்று ஜெயந்தி இரண்டு முறை சொன்னார். கவிதா கையைத் தேய்க்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு, "அடுத்த சர்வே எப்பங்க மேடம்? அன்னிக்கே வந்துடறேன்" என்றார். முதலில் சிரித்தவர் ராஜேந்திரன் சார்தான்.

அவர் கம்ப்யூட்டரில் ஒன்றைக் கழித்தார். இருப்பு பூஜ்யம். சாப்பாட்டு நேரத்தில் மாவட்ட ஸ்டோரிலிருந்து போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

"என்ன சார், இவ்வளவு நாளா ஒண்ணு இருக்குன்னு காட்டிச்சே? திடீர்னு சிவப்பா எரியுது?"

"ரெண்டு மாசமா அதே ஒண்ணுதான் சார் இருந்துச்சு."

"அட கடவுளே! இருப்பு இருக்குன்னுல்ல நீங்க சரக்கு கேட்டு அனுப்பின இண்டென்ட்டத் தள்ளித் தள்ளி வச்சேன். இருபது பேக் பண்ணச் சொல்றேன், நாளைக்குத் தடுப்பூசி வண்டில வந்துரும்."

போனை வைத்ததும் ராஜேந்திரன் சார் பெட்டியில் மிச்சமிருந்தவற்றையும் எடுத்து அலமாரியில் அதனதன் இடத்தில் அடுக்கினார். காலிப் பெட்டியில் ஜெயந்தி தன் முறுக்கைப் போட்டு என் பக்கம் நீட்டினார். "இதுக்கும் ஒரு 'உண்டு' போடுங்க மேடம்."

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்குச் சொல்கிறேன். அலமாரியில் இருப்பது பொருள். கேட்டு வந்தவர் கைக்குப் போனால்தான் அது கையிருப்பு. நாம் கேட்கிற கேள்விக்கு ஏற்றபடி அலமாரியை அடுக்கி வைப்பார்கள். அதனால் கேள்வியில் கவனமாக இருங்கள். எனக்கு இது தெரியப் பதினோரு வருடம் ஆயிற்று.

மறுநாள் புதன்கிழமை, ஏலாக்குறிச்சிப் பக்கம் வேறொரு சுகாதார நிலையம். 9.10-க்குப் போய்ச் சேர்ந்தேன். அலமாரிச் சாவியைக் கேட்கவில்லை. நேராக வாசல் பெஞ்சில் போய் உட்கார்ந்து, பக்கத்தில் இருந்த பெண்ணிடம், "கேட்டது கெடைச்சுதாம்மா?" என்றேன். அவர் முந்தானை முடிச்சை அவிழ்த்து இரண்டு மாத்திரை அட்டைகளைக் காட்டினார். தேதியைப் படித்துவிட்டு, அன்றைய முதல் 'உண்டு'வைக் குறித்தேன்.