வெறும் ஓட்டம் என்று நாங்கள் வரைந்த லொறி

1. பரீட்சார்த்த நாள்

றக்வானைத் தேயிலைத் தோட்டத்தில், லொறிகளுக்குப் போனில் பாதை சொல்லும் எங்கள் புதிய சிஸ்டத்தை ஓடவிட்ட முதல் நாளே, கொழுந்து லொறி டிரைவர் சுனில் என்னிடம் வந்து நின்றார்.

"மிஸ், போன்ல கீழ் டிவிசனுக்குப் போகச் சொல்லுது. அப்ப இவங்கள யாரு மேல ஏத்துறது?"

ஃபெக்டரி வாசலில் ஏழெட்டுக் கர்ப்பிணிப் பெண்கள் கிளினிக் முடிந்து, அட்டையோடு நின்றார்கள். புதன்கிழமை கீழே கிளினிக். காலைக் கொழுந்தை இறக்கிய லொறி மேல் டிவிசனுக்குத் திரும்பும்போது அவர்களை ஏற்றிப் போவது அங்கே வழக்கம். நாங்கள் வரைந்த வேலைப் படத்தில் அதற்குப் பெயர் 'வெறும் ஓட்டம்'. அதை வெட்டினால் டீசல் மிச்சம் என்று கொழும்பில் கைதட்டல் வேறு வாங்கியிருந்தோம்!

எண்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்சர் என்ற பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். கம்பெனி என்ன வேலை செய்கிறது, அதற்கு என்ன தகவல் வேண்டும், எந்த மென்பொருள், எந்த மெஷின் என்று அடுக்கடுக்காக வரைவது. ஓர் இடத்தில் கை வைத்தால் வேறு எங்கே ஆடும் என்று முன்கூட்டியே பார்ப்பது. அவ்வளவுதான்.

அன்று ஆடியது எட்டு மாதக் கர்ப்பிணி யோகேஸ்வரி. கால் இரண்டும் வீங்கியிருந்தன.

"பிரஷர் கூடிருச்சாம் மிஸ். மேடு ஏறக் கூடாதுன்னு நர்ஸ் மிஸ் இப்பத்தான் சொன்னாங்க. லொறி வராட்டி நடந்துதானே ஆகணும்?"

லொறி பாதை மாறினால் கொழும்பில் டைரக்டர்கள் பார்த்துக்கொண்டிருந்த ஸ்கிரீன் சிவப்பாகிவிடும். இரத்தினபுரி ஒபிஸில் இருந்த எங்கள் மனேஜருக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். யாழ்ப்பாணத்துக்காரர், மூக்கு நுனியில் கோபம்.

"இவையள் ஏறிப் போறது படத்தில இல்லையோ?"

"இல்ல சேர்."

"அப்ப படம்தான் பிழை. லொறியை மேல விடும்."

"ஸ்கிரீன் சிவப்பாகும் சேர்."

"ஆகட்டும். அவையளோட நான் கதைக்கிறன்."

யோகேஸ்வரியை முன் சீட்டில் ஏற்றிக்கொண்டு சுனில் மேலே போனார்.

2. பிறகு

சேர் கொழும்பில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். எங்கள் பெயர் ஒன்றைக்கூட அங்கே சொல்லவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. திரும்பி வந்து சொன்னது இவ்வளவுதான்:

"படத்தைத் திருத்த ரெண்டு கிழமை கேட்டு வாங்கியிருக்கிறன். ஒபிஸில இருந்து பெட்டி வரைஞ்சது காணும். இனி எல்லாரும் லொறியில ஏறுங்கோ."

ஏறினோம். இடுப்பு கழன்றது. தாய்மார் கொழுந்து பறிக்கப் போகையில் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவுக்குப் பால்மா, மழைநாளில் பள்ளிக்கூடப் பிள்ளைகள், மருந்துப் பெட்டி என்று கொழுந்தைத் தவிர அந்த லொறி சுமந்தவை ஏராளம். எல்லாவற்றுக்கும் அம்புக்குறி போட்டோம். மெஷினிலிருந்து மேலே வரையாதீர்கள், மனிதர்களின் வேலையிலிருந்து கீழே வரையுங்கள் என்று நான் இன்று பாடம் எடுப்பது அந்த இரண்டு கிழமையின் புண்ணியம்.

அடுத்த மாதம் சுனில் போன் எடுத்தார். யோகேஸ்வரிக்குப் பெண் குழந்தை, தாயும் பிள்ளையும் சுகம். சேரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். தலையை நிமிர்த்தாமலே, "நல்லது. அந்த அம்புக்குறியை ஒருத்தரும் அழிக்காமப் பாத்துக்கொள்ளும்" என்றார்.

அவர் ஓய்வு பெற்றுவிட்டார். மென்பொருளும் இரண்டு முறை மாறிவிட்டது. புதன்கிழமை லொறி இன்னும் மேலேதான் போகிறது, சேர்.