அண்ணியின் கடையில் அதிகாரி காத்திருந்த சனிக்கிழமை

ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்குச் செய்தி வந்தது. அது மேனேஜர் தேநீர் குடிக்கும் நேரம். மருத்துவமனையிலிருந்து என் அண்ணன் ஒரே வரியில் சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டார். வீட்டு முன்னறையில் இருக்கும் தையல் கடையில் நான் டம்ளரும் கையுமாக நின்றேன். "சர்க்கரை போடல," என்றார் மேனேஜர். சர்க்கரை போட்டுக் கொடுத்த பிறகுதான் அவருடைய அக்கா, என் அண்ணி, இறந்துவிட்டதைச் சொன்னேன்.

மேனேஜர் அண்ணியின் தம்பி. பிறவியிலேயே அறிவு வளர்ச்சி மெதுவானவர் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். "அவனுக்கு எதுலயும் அவசரம் கிடையாது, அவ்வளவுதான்" என்பது அண்ணியின் கணக்கு. அண்ணனைக் கட்டிக்கொண்டபோது தம்பியையும் கையோடு கூட்டிவந்தார். ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று அண்ணனிடம் முன்பே சொல்லிவிட்டாராம். கடைக்கு வருகிறவர்களைப் பெஞ்சில் வரிசையாக உட்காரவைப்பது தம்பியின் வேலை. யாரையும் முந்த விடமாட்டார். அதனால்தான் அந்தப் பெயர்.

இந்த நகரத்தில் நம் மொழி பேசுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்காக நகராட்சி புதுக் கொள்கை எழுதியபோது எங்களையும் ஒரு கூட்டத்துக்கு அழைத்தார்கள். மொழிபெயர்க்க நான் போனேன். அண்ணிக்கு ஒரே ஓர் ஆசை: இப்படிப்பட்டவர்களைப் பகல் நேரத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் நகராட்சியின் பகல் மையத்தில் தம்பிக்கு ஓர் இடம். தனக்குப் பின் அவர் நாலு சுவருக்குள் அடைந்து கிடக்கக் கூடாது.

அதிகாரி ஒரு பெண்மணி, நல்ல மனசு. வரைவை வாசித்தார்: இச்சமூகத்தினர் தங்கள் வீட்டுப் பிள்ளைகளைத் தாங்களே அன்போடு பார்த்துக்கொள்கிறார்கள், ஆகவே இவர்களுக்குப் பகல் மையம் தேவைப்படாது. நான் மொழிபெயர்த்து முடித்ததும் எங்கள் ஆட்கள் பூரித்துப்போய்த் தலையாட்டினார்கள். பின்வரிசையில் கைதட்டல் வேறு. வெளியாள் நம் குடும்பத்தை மெச்சும்போது இல்லை என்று யார் சொல்வது? அண்ணியும்தான் தலையாட்டினார். திரும்பி வரும் வழியில்தான் உறைத்தது.

"கொழுந்தனாரே, நம்மள மெச்சியே கதவைச் சாத்திட்டாங்க. நானும் சேர்ந்து தாழ்ப்பாள் போட்டுட்டு வரேன்."

மறுபடி கூட்டம் போட்டாலும் மறுபடி தலையாட்டல்தான் நடக்கும். மண்டப நாற்காலியில் உட்கார்ந்தால் எங்கள் ஆட்களுக்குக் கௌரவம் ஏறிவிடும். கையை விரித்து அளவு கொடுக்கும்போதுதான் வீட்டுக் கதை தானாக வெளியே வரும். ஆகவே அண்ணி அதிகாரியைச் சனிக்கிழமை கடைக்கு வரச் சொன்னார். யார் வரப்போகிறார், எதற்கு என்று எல்லாரிடமும் சொல்லியும் வைத்தார்.

பத்து நிமிடம்தான் இருக்க முடியும் என்று சொல்லிக்கொண்டே அதிகாரி வந்தார். நேராக அண்ணியிடம் போகப் பார்த்தவரை மேனேஜர் மறித்து, பெஞ்சின் கடைசியைக் காட்டினார்.

"ஆபீசர்டா அவங்க," என்றார் அண்ணி.

"வரிசை," என்றார் மேனேஜர்.

அதற்கு மேல்முறையீடு கிடையாது. அந்த அம்மாள் மதியம் முழுக்க உட்கார்ந்தார். நான் பக்கத்திலிருந்து காதோடு மொழிபெயர்த்தேன். பேக்கரிக்காரர், மகன் ஜிப்பைப் பிய்த்துவிடுகிறான், எலாஸ்டிக் வைத்துக் கொடுங்கள் என்று தொடங்கி, அவனைத் தனியே விட முடியாமல் மனைவி வாசலைத் தாண்டி வருடக்கணக்காகிறது என்று முடித்தார். லாரி ஓட்டுநரின் மனைவி, மகளைத் தூக்கித் தூக்கி முதுகே போய்விட்டது என்றார். அடுத்த மூச்சிலேயே, இடுப்பளவு கூடிப்போனதை மட்டும் ஆபீசரிடம் சொல்லிவிடாதே என்று என்னிடம் கேட்டுக்கொண்டார். வாய் சும்மா இருக்கவில்லை, சொல்லிவிட்டேன். அதிகாரி சிரித்து, தன் இடுப்பும் அதே கதைதான் என்றார்.

தன் முறை வந்ததும் அவர் கோட்டைக் கழற்றி, அறுந்திருந்த பட்டனைக் காட்டினார். அண்ணி தைத்துக்கொண்டிருக்கும்போதே, அந்த வரியை எடுத்துவிடுவதாகவும், புது வரியை எங்கள் ஆட்களும் சேர்ந்துதான் எழுத வேண்டும் என்றும் சொன்னார். அண்ணி நூலைப் பல்லால் கடித்துவிட்டு நிபந்தனை போட்டார்: கூட்டம் கடை அடைத்த பிறகு நடக்க வேண்டும், எங்கள் மொழியிலும் நடக்க வேண்டும், குழுவில் மேனேஜருக்கும் நாற்காலி வேண்டும்.

நாற்காலி கிடைத்தது. நாங்கள் எல்லாரும் பகல் மையத்தைப் பற்றியே பேசித் தீர்த்த ஒரு மாலையில், அதிகாரி மேனேஜர் பக்கம் திரும்பி, உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார்.

"பஸ்ல போகணும். அக்கா வேணாம்."

எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தது அண்ணிதான். "வளர்த்ததுக்கு நல்லாச் சொன்னான் பாருங்க," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். கொள்கையில் இரண்டும் ஏறின: எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் மையத்தில் இடம், தனியாகப் பேருந்தில் போகப் பழக்கிவிட ஓர் ஆள். பழகிய பிறகும் அண்ணிக்கு மனசு கேட்கவில்லை. ஒருநாள் ஒளிந்து பின்னாலேயே போனார். நிறுத்தத்தில் அவரைப் பார்த்துவிட்ட மேனேஜர், வரிசையின் கடைசிக்கு அனுப்பிவைத்தார்.

அண்ணியின் அடக்கமெல்லாம் முடிந்து, இன்று காலை மேனேஜர் பையை மாட்டிக்கொண்டு மையத்துக்குக் கிளம்பினார். அண்ணன் கூட வருவதாகச் சொன்னார்.

"வேணாம் மாமா. நீங்க தூங்குங்க."

சாயங்காலம் வழக்கமான பேருந்தில் திரும்பி வந்து, தேநீர் கேட்டார். இந்த முறை நான் சர்க்கரையை மறக்கவில்லை.

மையத்துக்குப் போட்டுக்கொள்ள அண்ணி அவருக்குத் தைத்துக்கொண்டிருந்த நீலக் கால்சட்டை மெஷின் மேலேயே இருக்கிறது. ஒரு கால் மடித்துத் தைத்தாகிவிட்டது. இன்னொரு காலில் குண்டூசிகள் மட்டும் இருக்கின்றன.